முப்பத்து நான்கு லட்சம் பேரின் பட்டாளம்

2011 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தில் 15 லட்சம் பேர், கிருஷ்ணகிரியில் 19 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. 2004-ல் பிரிக்கும்வரை இரண்டும் ஒரே மாவட்டம்தான். சேர்த்துப் போட்டால் 34 லட்சம் வருகிறது. மங்கோலியா என்கிற நாட்டின் மொத்த மக்கள்தொகையும் ஏறக்குறைய இவ்வளவுதான். தென் அமெரிக்காவில் இருக்கிற உருகுவேயும் இதே அளவு. அரூரில் இருந்து அஞ்செட்டி வரை, பென்னாகரத்தில் இருந்து பர்கூர் வரை இருக்கிற சனத்தை மட்டும் வைத்து ஒரு நாட்டை நடத்த வேண்டும். அதற்கு ஒரு பட்டாளம் வேண்டும். அந்தப் பட்டாளத்தில் பல நூறு பேர் கொண்ட ஒரு பட்டாலியனைக் கவச வண்டி, சமையல் பாத்திரம், டாக்டர் எல்லாவற்றோடும் இன்னொரு கண்டத்துக்கு அனுப்பி, வருஷக்கணக்கில் அங்கே நிறுத்தி வைக்க வேண்டும். இந்த இரண்டு நாடுகளும் அதைச் செய்து காட்டியிருக்கின்றன.

இதைப் பற்றி யோசிக்க வைத்தவன் எங்கள் தெருப் பையன் ஒருவன். ராணுவத்தில் சேர வேண்டும் என்று விடியற்காலையில் கிரவுண்டில் ஓடுகிறவன். ஓடி முடித்ததும் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவான். இந்திய ராணுவமும் மங்கோலிய ராணுவமும் சேர்ந்து செய்கிற பயிற்சியின் வீடியோவை மொபைலில் பார்த்துவிட்டு, “ஏன் மாமா, இந்தப் பக்கம் ரஷ்யா, அந்தப் பக்கம் சைனா. நடுவுல இவங்க எதுக்கு ஆர்மி வச்சிருக்காங்க? ஒரு நாள் தாங்குவாங்களா?” என்று கேட்டான்.

தாங்க மாட்டார்கள்தான். ஆனால் அவன் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை போட்டு ஜெயிக்க வழியே இல்லாத நாடு எதற்காகப் பட்டாளத்தைப் புதுப்பிக்கிறது? தூரத்தில் இருப்பவர்களிடம் நல்ல பெயர் வாங்க. அதற்கு ஏவுகணையும் போர் விமானமும் தேவைப்படுவதில்லை. என்ன தேவைப்படுகிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் பார்த்தது பட்டறைப் பக்கம் இருந்து.

நான் ராணுவத்தின் பழுதுபார்க்கும் பிரிவான ஈ.எம்.இ.-யில் வண்டி மெக்கானிக்காகச் சேர்ந்து ஹவில்தாராக வெளியே வந்தவன். இப்போது காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறேன். மாங்காய் சீசனில் கூழ் ஃபேக்டரிக்கு லோடு ஓடும்போது மட்டும் மூச்சு விட நேரம் இருக்காது. சர்வீஸில் இருந்தபோது ஐ.நா. அமைதிப்படையில் காங்கோவுக்குப் போனேன். நாட்டின் கிழக்கு ஓரத்தில் கோமா என்கிற ஊர். அங்கே இந்தியா பல பட்டாலியன் சேர்ந்த ஒரு பிரிகேடையே வைத்திருந்தது. ஊருக்கு மேலே நைராகோங்கோ எரிமலை. 2002 ஜனவரியில் அது வெடித்து, லாவா ஊருக்குள் புகுந்து, விமான ஓடுதளத்தின் ஒரு பகுதியையே மூடிவிட்டது. அந்த லாவா இறுகி உடைந்த கருங்கல்லின் மேல்தான் எங்கள் வண்டிகள் ஓடின. டயரின் பக்கச் சுவர் கத்தி வைத்தாற்போல் கிழியும். ஸ்பிரிங் பட்டை உடையும். மழைக்காலத்தில் மலைப்பாதையில் கிளட்ச் பிளேட் தேய்ந்து வருகிற வேகத்தைப் பார்த்தால் அழுகை வரும். ஒசூரில் ஃபேக்டரி வைத்திருக்கிற கம்பெனியின் ஸ்டாலியன் லாரி ஒன்றை லாவாப் பாறை நடுவில் ஜாக்கி போட்டுத் தூக்கும்போது, இதை வடிவமைத்தவர் கனவிலும் இந்த ரோட்டைப் பார்த்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. இந்தியா பெரிய நாடு. ஒரு பாகம் இல்லை என்றால் ஊரில் எங்கேயோ ஒரு டிப்போவில் ஆயிரம் இருக்கும். தாமதமாகும், திட்டு வாங்குவோம், ஆனால் வந்து சேரும். கோமாவில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்த உருகுவே பட்டாலியனுக்கு அந்த வசதி கிடையாது. செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு இருந்த காலத்தில் செய்த ஓ.டி.-64 என்கிற எட்டுச் சக்கரக் கவச வண்டிகள் அவர்களிடம் இருந்தன. செய்த நாடே இப்போது இல்லை! அதை ஓட வைக்கிறவன் மேல் எனக்குத் தனி மரியாதை வந்தது. பாஷை தெரியாது. ஆனால் தேய்ந்துபோன வாஷரைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொருவன் தலையை ஆட்டினால் அதில் புரியாமல் போக ஒன்றும் இல்லை.

உருகுவேக்காரர்கள் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டியது வேறு இடத்தில். தண்ணீரில். கோமாவுக்குப் பக்கத்தில் கிவு ஏரி கடல் போலக் கிடக்கிறது. பார்க்கப் பளிங்காக இருக்கும், குடிக்க முடியாது. 1994-ல் ருவாண்டாவில் இருந்து லட்சக்கணக்கில் அகதிகள் வந்து தங்கியபோது காலராவில் கொத்துக்கொத்தாகச் செத்த ஊர் அது. உருகுவேயில் ஓ.எஸ்.இ. என்று ஓர் அரசுத் தண்ணீர் நிறுவனம் உண்டு, நம் குடிநீர் வடிகால் வாரியத்துக்குச் சமமானது. வெள்ளம், வறட்சி என்று அவசரம் வந்தால் இழுத்துக்கொண்டு போய் வைக்கத் தோதாகச் சின்னச் சின்னச் சுத்திகரிப்பு ஆலைகளை அவர்களே உருவாக்கியிருந்தார்கள். உருகுவே ராணுவம் அதை எடுத்துக்கொண்டு காங்கோவுக்கு வந்துவிட்டது. ஏரித் தண்ணீர் ஒரு பக்கம் போனால் குடிதண்ணீர் இன்னொரு பக்கம் வரும். பெரிய பெரிய நாடுகளின் பட்டாளம் அந்தச் சின்ன நாட்டின் குழாயை எதிர்பார்த்து வரிசையில் நின்றது. சொந்த நாட்டில் ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு வேலை, அதை நான்கு பேர் தூக்கக்கூடிய அளவில் செய்துவைத்திருந்தார்கள், அவ்வளவுதான். ராணுவத்தை நவீனமாக்குவது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தண்ணீர் ஆலைதான். (2023-ல் வறட்சி வந்து அதே உருகுவேயின் தலைநகர் மொன்டெவிடியோவில் குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர் வந்தது. ஓ.எஸ்.இ. மேல் ஊரே கோபப்பட்டது. செய்தியைப் படித்தபோது மனசுக்கு என்னவோ போல் இருந்தது.)

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது? ஐ.நா.வுக்குச் சொந்தமாகப் பட்டாளம் கிடையாது. நாடுகளிடம் கேட்டு வாங்குகிறது. ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று அந்த நாட்டின் அரசாங்கத்துக்குத் தருகிறது. நான் போன காலத்தில் ஆயிரம் டாலர் சொச்சம். 2022 ஜூலையில் அது 1,448 டாலர் ஆனது. எங்கள் கேன்டீன் வரிசையில் நிற்கிறவர்களே பலர் இதைத் தப்பாகச் சொல்வார்கள்: இந்தப் பணம் வீரனின் கைக்கு வருவதில்லை, அரசாங்கத்துக்கு வருகிறது. அதில் வீரனுக்கு எவ்வளவு என்பது அந்தந்த நாட்டின் தர்மம்.

ஆளுக்குத் தருவது போலவே வண்டிக்கும் ஆயுதத்துக்கும் வாடகை உண்டு. லாரியை டிரைவர், டீசல் இல்லாமல் வெறும் வண்டியாக வாடகைக்கு விடுவது ஒரு வகை, ரிப்பேர் செலவையும் நாமே ஏற்றுக்கொண்டு விடுவது இன்னொரு வகை இல்லையா, அப்படித்தான் இதுவும். ஸ்பேர் பாகம், மெக்கானிக், பராமரிப்பு எல்லாம் அனுப்பிய நாட்டின் பொறுப்பு என்றால் அதற்கு வெட் லீஸ் என்று பெயர். வாடகை அதிகம். வண்டியை மட்டும் கொடுத்துவிட்டுப் பராமரிப்பை ஐ.நா. தலையில் போட்டால் ட்ரை லீஸ், வாடகை குறைவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்கிற குழு வரும். சும்மா எண்ணிவிட்டுப் போக மாட்டார்கள். ஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள், ஓட்டச் சொல்வார்கள், ஸ்டெப்னி எங்கே, ஜாக்கி எங்கே, தீயணைப்பு சிலிண்டரின் தேதி என்ன என்று கேட்பார்கள். ஒவ்வொரு வகை வண்டியிலும் நூற்றுக்குத் தொண்ணூறு ஓடும் நிலையில் இருக்க வேண்டும். பத்தில் ஒன்று நின்றால் மன்னிப்பு. அதற்கு மேல் நின்றால் பணத்தில் வெட்டு.

எங்களுக்கு அந்த வெட்டு ஒரு மானப் பிரச்சினை, மேலே இருந்து ஃபோன் வரும். உருகுவேக்கு அது நிஜமான வெட்டு. அந்த வாடகைப் பணத்தை நம்பித்தான் அடுத்த வருஷத்து வண்டிக்கே அவர்கள் கணக்குப் போட்டிருப்பார்கள். அதனால் ஒரு விசித்திரம் நடக்கிறது. தங்கள் ஊர் முகாமில் பாதி வண்டி துருப்பிடித்துக் கிடந்தாலும் கேட்க ஆள் இல்லாத ராணுவம், வெளிநாட்டில் பத்துக்கு ஒன்பது வண்டியை ஓட வைக்கக் கற்றுக்கொள்கிறது. லாக் புக் ஒழுங்காக எழுதப்படுகிறது. எந்த பாகம் எத்தனை கிலோமீட்டரில் போகும் என்று முன்கூட்டியே தெரிந்து வாங்கி வைக்கிறார்கள். ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து அந்த மெக்கானிக் ஊருக்குத் திரும்பும்போது இந்தப் பழக்கமும் கூடவே போகிறது. ஆலோசகர்களை வைத்து அறிக்கை எழுதி வராத மாற்றம், ஒரு வாடகை ஒப்பந்தத்தால் வந்துவிடுகிறது.

இதைக் கற்றுக்கொள்ளாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் காங்கோவே சாட்சி. நான் பிறப்பதற்கு முந்தைய கதை. 1960-ல் அயர்லாந்தின் மக்கள்தொகை 28 லட்சம். அந்த ஜூலையில் அவர்களுடைய 32-வது பட்டாலியன் காங்கோவுக்குப் பறந்தது. அதற்கு முன்னால் அந்த ராணுவம் ஒரு பட்டாலியனை வெளிநாட்டுக்கு அனுப்பியதே இல்லை. ஐரோப்பியக் குளிருக்கு நெய்த கனத்த கம்பளிச் சட்டையோடு, பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் போய் இறங்கினார்கள். தோளில் பழைய லீ-என்ஃபீல்டு துப்பாக்கி. நவம்பர் 8-ம் தேதி நியெம்பா என்ற இடத்தில் நடந்த பதுங்கித் தாக்குதலில் ஒன்பது பேர் செத்தார்கள்.

மறுவருஷம் செப்டம்பரில் காங்கோவின் ஜாடோவில் என்ற ஊர். அங்கே ஒரே ஒரு ஐரிஷ் கம்பெனி, நூற்றைம்பது சொச்சம் பேர், தளபதி பாட் குவின்லன். சுற்றிலும் அவர்களைப் போலப் பல மடங்கு படை: காங்கோவில் இருந்து பிரிந்துபோன கட்டாங்கா மாகாணத்தின் ஆட்களும் கூலிப்படையும். மேலே இருந்து ஒரு ஜெட் விமானம் வந்து குண்டு போடுகிறது. அப்படியும் ஐந்து நாள் தாக்குப்பிடித்தார்கள், ஒருவர்கூடச் சாகவில்லை. குவின்லன் முன்கூட்டியே பதுங்குகுழி வெட்டச் சொல்லியிருந்தார், அதனால் பிழைத்தார்கள். கடைசியில் தோட்டாவும் தீர்ந்து தண்ணீரும் தீர்ந்து சரணடைய வேண்டி வந்தது. இடையில் ஹெலிகாப்டரில் தண்ணீர் வந்தது உண்மை. எரிபொருள் வைத்திருந்த கேனில் ஊற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். வாயில் வைக்க முடியவில்லை.

அந்த கேனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. குழி வெட்டியவன் சரியாக வெட்டினான், சுட்டவன் சரியாகச் சுட்டான், உயிரைப் பணயம் வைத்து ஹெலிகாப்டரை இறக்கியவனும் சரியாக இறக்கினான். கேனைக் கழுவாமல் விட்டது யாரோ ஒரு ஸ்டோர்க்காரன். அவர்களை மீட்கப் புறப்பட்ட படை லுஃபிரா ஆற்றுப் பாலத்தைத் தாண்ட முடியாமல் திரும்பியது. அதில் நம் கூர்க்காக்களும் இருந்தார்கள். 1963 ஜனவரியில் பிரிகேடியர் நொரோன்ஹா தலைமையில் இந்தியப் படை அதே லுஃபிராவைக் கடந்து அதே ஜாடோவிலுக்குள் நுழைந்தது. சரணடைந்த ஐரிஷ்காரர்களைச் சொந்த ஊர்க்காரர்களே கோழைகள் என்று பேசினார்கள். அவர்களுக்கு மரியாதை கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. பதக்கம் 2017-ல்தான் கொடுத்தார்கள்.

ஆனால் அயர்லாந்து ராணுவம் அந்த அடியை வீணாக்கவில்லை. காங்கோவிலேயே பழைய லீ-என்ஃபீல்டுக்குப் பதிலாக எஃப்.என். என்ற புதுத் துப்பாக்கி வந்துவிட்டது. 1964-ல் சைப்ரஸுக்குப் போக வேண்டும் என்றபோது பிரெஞ்சு பான்ஹார்ட் கவச கார்கள் வாங்கினார்கள். 1978-ல் லெபனான். பின்னால் ஃபின்லாந்தின் சீசு கவச வண்டி, அப்புறம் சுவிட்சர்லாந்தின் மோவாக் பிரானா கவச வண்டி. வண்டி வாங்கிய பட்டியலை எடுத்து வைத்தால் அதுவே அவர்கள் போன நாடுகளின் வரைபடம். 1993-ல் கர்ரா முகாமில் ஐ.நா. பயிற்சிப் பள்ளியே தொடங்கினார்கள்.

ஆயுதத்தைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு பழைய கதை உண்டு. தகடூர் என்றால் இந்தத் தருமபுரிதான். அதியமான் சின்ன மன்னன். பக்கத்தில் சேரனும் சோழனும் பாண்டியனும் இருக்க, ஒரு மலையடிவாரத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளியவன். அவனுக்காக ஔவை காஞ்சிக்குத் தூது போனார். தொண்டைமான் தன் ஆயுதக் கிடங்கைத் திறந்து காட்டினான். மயில்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசிப் பளபளவென்று அடுக்கி வைத்திருந்தான். எங்கள் மன்னனின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் அல்லவா கிடக்கின்றன என்றார் ஔவை. தமிழாசிரியர்கள் இதை வஞ்சப் புகழ்ச்சிக்கு உதாரணமாகச் சொல்வார்கள். நான் மெக்கானிக். எனக்கு அந்தக் கொல்லன்தான் முக்கியம். முறிந்த வேல் முறிந்தபடி கிடக்கவில்லை, பட்டறைக்கு வந்திருக்கிறது. ஒரு சின்ன மன்னனிடம் சண்டை நடக்கும்போதே ஆயுதத்தைத் திருப்பிச் சரி பண்ணிக் கொடுக்கும் ஓர் ஏற்பாடு இருந்திருக்கிறது.

சரி, மங்கோலியாவுக்கு வருகிறேன். பையனுக்கு நான் சொன்னது இதுதான். எழுபது வருஷம் சோவியத் நிழலில் இருந்த நாடு அது. 1990-ல் ஜனநாயகம் வந்தது, 1992-க்குள் ரஷ்யப் படை முழுதாக வெளியேறியது. கையில் மிஞ்சியது சோவியத் டாங்கிகளும், அதை ஓட்ட டீசல் வாங்கக் காசில்லாத ராணுவமும். எல்லைக்கு இரண்டே அண்டை நாடுகள், இரண்டுமே யானை. அப்போது அவர்கள் எடுத்த முடிவுக்கு மூன்றாவது அண்டை நாடு என்று பெயர் வைத்தார்கள். நிலத்தால் ஒட்டாத அமெரிக்கா, ஜப்பான், இந்தியா, ஐரோப்பா எல்லாரையும் உறவால் அண்டை ஆக்கிக்கொள்வது. அதற்கு வெறும் தூதரகம் போதாது, கொடுக்க ஏதாவது வேண்டும். அவர்கள் கொடுக்க முன்வந்தது ஆள்.

2002-ல் அதற்கென்று சட்டம் போட்டு, காங்கோவுக்குப் பார்வையாளர்களை அனுப்பினார்கள். 2003-ல் ஈராக்குக்கு ஒரு சின்னப் படை. 1258-ல் பாக்தாதை அழித்தது மங்கோலியரான ஹுலாகு கானின் படை, பத்திரிகைக்காரர்கள் விடுவார்களா! ஆனால் இந்த முறை போனவர்கள் போலந்து தலைமையிலான பிரிவில் முகாமுக்குக் காவல் நின்றார்கள். 2004 பிப்ரவரியில் ஹில்லாவில் வெடிமருந்து ஏற்றி வந்த லாரியின் டிரைவரை, அது முகாமுக்குள் நுழையும் முன்னால் சுட்டு நிறுத்தியது ஒரு மங்கோலியக் காவல் வீரர். அந்த ஒரு சம்பவம் அவர்களுக்கு வாங்கிக் கொடுத்த பெயரை எந்த டாங்கியும் வாங்கிக் கொடுத்திருக்காது.

பிறகு சியரா லியோனில் போர்க்குற்ற நீதிமன்றத்துக்குக் காவல். ஆப்கானிஸ்தானில், தங்களுக்கு மனப்பாடமான அதே பழைய சோவியத் பீரங்கியை ஆப்கான் ராணுவத்துக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். துரு என்று நினைத்ததே அங்கே பாடத்திட்டம் ஆகிவிட்டது. 2012-ல் இருந்து தெற்கு சூடானில் ஒரு முழு பட்டாலியன். தலைநகர் உலான்பாத்தருக்கு மேற்கே தவன் தோல்கோய் என்ற இடத்தில் பயிற்சி மைதானம் அமைத்தார்கள், அதற்கு அமெரிக்கப் பணம் வந்தது. 2003-ல் அமெரிக்காவோடு தொடங்கிய கான் குவெஸ்ட் பயிற்சி 2006-ல் இருந்து பல நாடுகள் கூடுகிற திருவிழாவாகிவிட்டது. நம் ஆட்களும் போகிறார்கள்.

மெக்கானிக் மூளைக்கு உறுத்துவது இன்னொன்று. குளிர்காலத்தில் மைனஸ் முப்பதுக்கு இறங்குகிற ஊரில் இருந்து வண்டியை எடுத்துக்கொண்டு தெற்கு சூடானின் நாற்பது டிகிரி வெயிலுக்கு வருகிறார்கள். குளிருக்கான ஆயில் வெயிலில் தண்ணீராக ஓடும். பேட்டரி ஊதும். ரப்பர் ஹோஸ் வெடிக்கும். ஏர் ஃபில்டர் புழுதியில் அடைத்துக்கொள்ளும். மழை வந்தால் அந்தக் கரிசல் மண்ணில் மாதக்கணக்கில் சாலை என்ற ஒன்றே இருக்காது, வண்டி இருந்தும் இல்லாதது போலத்தான். இவ்வளவையும் கடல் எல்லையே இல்லாத ஒரு நாடு சமாளிக்க வேண்டும். ஒரு கிளட்ச் பிளேட் வர வேண்டும் என்றால்கூட முதலில் ரஷ்யாவையோ சீனாவையோ தாண்ட வேண்டும். பத்தாயிரம் பேரைச் சுற்றி இருக்கிற ராணுவத்தில் இருந்து இத்தனை வருஷத்தில் இருபதாயிரம் முறைக்குப் பக்கம் ஆட்கள் வெளிநாடு போய் வந்திருக்கிறார்கள் என்றால், அங்கே ஒரு சாதாரணச் சிப்பாய்க்கே மூன்று கண்டத்து ஆட்களோடு வேலை பார்த்த அனுபவம் இருக்கும்.

இப்படிச் சொன்னதும் பையன் சந்தோஷமாகத் தலையாட்டினான். அதனால் ஜார்ஜியாவின் கதையையும் சொல்ல வேண்டியிருந்தது.

ஜார்ஜியாவும் நாற்பது லட்சத்துக்குள் அடங்குகிற நாடு. 2002-ல் அமெரிக்கா 64 மில்லியன் டாலர் செலவில் அவர்கள் ராணுவத்துக்குப் பயிற்சியும் உடையும் கருவியும் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல பயிற்சிதான். 2008-ல் ஈராக்கில் இரண்டாயிரம் ஜார்ஜிய வீரர்கள் இருந்தார்கள், அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் அடுத்தபடியாக. அந்த ஆகஸ்டில் ரஷ்யாவோடு போர் மூண்டது. நாட்டிலேயே நன்றாகத் தேறிய பிரிகேட் பாலைவனத்தில் சோதனைச் சாவடியில் நின்றுகொண்டிருந்தது. அமெரிக்க விமானங்கள் அவர்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கின. ஐந்து நாளில் போர் முடிந்தே போயிற்று. ரோந்து போகவும் வீடு வீடாகச் சோதனை போடவும் சொல்லிக்கொடுத்தவர்கள், டாங்கி வரிசை வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. அது அவர்கள் தேவை இல்லை. இதில் அமெரிக்காவைக் குறை சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? பயிற்சிக்குப் பணம் கொடுக்கிறவன் தன் வேலைக்குத்தான் ஆள் தயார் பண்ணுவான். ஜார்ஜியா அதற்கப்புறமும் ஆப்கானிஸ்தானுக்கு ஆள் அனுப்பியது, 32 பேரை அங்கே இழந்தது. நேட்டோவில் இன்னும் இடம் கிடைத்தபாடில்லை.

மங்கோலியா தப்பித்தது எப்படி என்றால், தன் எல்லையைப் படையால் காக்க முடியும் என்று அது கற்பனையே செய்துகொள்ளவில்லை. இரண்டு அண்டை வீட்டாரோடும் பகை இல்லாமல் பார்த்துக்கொண்டது. ஜார்ஜியாவுக்கு வீட்டு வாசலிலேயே தீராத தகராறு. இரண்டு நாடும் செய்த வேலை ஒன்றுதான், நின்ற தரை வேறு.

ஃபிஜி இன்னொரு தினுசு. அதைப் பற்றி நிறைய எழுதலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்பது லட்சம் பேர் இருக்கிற தீவு நாடு. 1978-ல் லெபனான், 1982-ல் சினாய் என்று ஆள் அனுப்பி, அந்தத் தேவைக்காகவே ராணுவம் பெருத்தது. லெபனானில் ஃபிஜி பட்டாலியனுக்குத் தலைமை தாங்கியவர் சிதிவேனி ரபுகா. நம் குன்னூர் வெல்லிங்டன் ராணுவக் கல்லூரியில் 1979-ல் படித்தவர். 1987 மே 14-ல் அதே ரபுகா, ஆயுதத்தோடு தன் ஆட்களை நாடாளுமன்றத்துக்குள் நுழைய வைத்து ஆட்சியைக் கவிழ்த்தார். கவிழ்ந்தது இந்திய வம்சாவளியினர் பெருமளவில் ஆதரித்த அரசு. கரும்புத் தோட்டத்துக்குப் போன நம் தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் அதில் அடக்கம். வெளிநாட்டில் அமைதி காக்கப் பழகிய ராணுவம் வீட்டுக்குள் என்ன செய்யும் என்பதை ஐ.நா.வின் எந்தச் சரிபார்ப்புக் குழுவும் பார்ப்பதில்லை. அவர்கள் ஸ்டெப்னியைத்தான் பார்ப்பார்கள். ரபுகா பின்னாளில் மன்னிப்புக் கேட்டார். 2022 டிசம்பரில், தேர்தலுக்குப் பிறகு மறுபடியும் பிரதமராக வந்தார்.

உருகுவே இதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்தது. அங்கே 1973-ல் இருந்து 1985 வரை ராணுவ ஆட்சி. ஜனநாயகம் திரும்பிய பிறகு மக்கள் முகத்தில் முழிக்க முடியாமல் இருந்த ராணுவத்துக்கு, ஐ.நா. அமைதிப்படையின் நீலத் தொப்பிதான் ஒரு கௌரவமான வேலையைக் கொடுத்தது. முழுக்கக் கௌரவம் என்றும் சொல்ல முடியாது. 2003-ல் காங்கோவின் புனியாவில் ஆயுதக் குழுக்கள் மோதிக்கொண்டபோது உருகுவே பட்டாலியனால் சமாளிக்க முடியாமல் பிரான்ஸ் தலைமையில் தனிப் படை வர வேண்டியிருந்தது. 2011-ல் ஹைட்டியில் அவர்கள் ஆட்கள் ஓர் இளைஞனிடம் நடந்துகொண்ட விதத்துக்காக அதிபரே மன்னிப்புக் கேட்டார். நான் இருந்த கோமா 2025 ஜனவரியில் எம்23 என்ற கிளர்ச்சிப் படையின் கையில் விழுந்தபோது செத்த அமைதிப்படையினரில் ஓர் உருகுவே வீரரும் உண்டு. அந்தச் செய்தி வந்த அன்றைக்குப் பட்டறையில் எனக்கு வேலை ஓடவில்லை.

இந்தத் தொழிலுக்கே இப்போது கஷ்டகாலம். தெற்கு லெபனானில் 1978-ல் இருந்து இருக்கிற ஐ.நா. படையை 2026 டிசம்பர் 31-ம் தேதியோடு நிறுத்தப் பாதுகாப்பு சபை முடிவு எடுத்துவிட்டது. பணம் இல்லை என்று 2025 அக்டோபரில், ஒன்பது இடங்களில் இருக்கிற அமைதிப்படையில் நான்கில் ஒரு பங்கைக் குறைக்கப் போவதாக ஐ.நா. அறிவித்தது. பெரிய நாடுகள் கட்ட வேண்டிய பங்கை நேரத்துக்குக் கட்டுவதில்லை. ஆள் அனுப்பிய நாடுகளுக்குத் தர வேண்டிய பாக்கியோ ஏறிக்கொண்டே போகிறது. “அப்போ அவங்க எல்லாம் என்ன மாமா பண்ணுவாங்க?” என்றான் பையன்.

ஆட்கள் திரும்பி வந்துவிடுவார்கள். அதில் பிரச்சினை இல்லை. நான் கவலைப்படுவது வண்டிகளைப் பற்றி. அயர்லாந்திடம் பணம் இருக்கிறது. நாற்பது வருஷத்துக்கு மேல் லெபனானை மனதில் வைத்தே வண்டி வாங்கிய நாடு, தன் வானத்தைக் கண்காணிக்க ஒழுங்கான ராணுவ ரேடார்கூட இல்லை என்று 2022-ல் ஓர் ஆணையம் எழுதிக் கொடுத்த பிறகுதான் விழித்திருக்கிறது. சமாளித்துக்கொள்வார்கள். மங்கோலியாவும் உருகுவேயும் அப்படி இல்லை. வாடகை நின்றால் ஸ்பேர் வாங்குகிற பணம் முதலில் நிற்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியாள் வந்து ஸ்டார்ட் பண்ணச் சொல்லாவிட்டால், பத்துக்கு ஒன்பது வண்டி ஓடுகிறதா என்று உலான்பாத்தரிலும் மொன்டெவிடியோவிலும் யார் கேட்கப் போகிறார்கள்? அந்த வேலைக்கு அவர்கள் உள்ளூரிலேயே ஒருவரை இப்போதே உட்கார வைத்து, ஸ்பேருக்கு பட்ஜெட்டில் தனியாக ஒரு தொகையும் ஒதுக்கிவிட்டால் நன்றாக இருக்கும். எனக்குத் தெரிந்த பட்டாளத்து வழக்கப்படி, வண்டி வாங்கக் கேட்டால் பணம் வரும். வாஷர் வாங்கக் கேட்டால்தான் ஃபைல் திரும்பி வரும்.